‘அதையும் சேர்த்து எடுத்துவிடலாம்’

மாதவிடாய் நின்று சில ஆண்டுகள் கழிந்த ஒரு பெண், கருப்பை இறக்கத்துக்காகவோ கட்டிக்காகவோ அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கச் செல்லும்போது, மேலே தலைப்பாக உள்ள வாக்கியம் அநேகமாக அவர் காதில் விழும். ‘அது’ என்பது அவருடைய இரு சினைப்பைகள். அவற்றில் நோய் இல்லை. ஸ்கேனில் குறை எதுவும் தெரியவில்லை. கருப்பைக்காகக் கத்தியை எடுத்தாயிற்று, அருகிலேயே இவையும் இருக்கின்றன, இனி இவற்றால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை, பின்னாளில் புற்றுநோய் வந்தால் இன்னொரு தொல்லை. ஆகவே ‘சேர்த்து’. ஒரு பெண்ணின் உடலைப் பற்றிய முடிவு ஒன்று, ஓர் உம்மைக்குள் ஒளிந்துகொண்டு அறுவை அரங்குக்குள் நுழைந்துவிடுகிறது.

நாங்கள் மருத்துவர்கள் அல்லர். கதையும் கவிதையும் படித்து அவற்றைப் பற்றி இங்கே எழுதிவருபவர்கள். இந்த விஷயத்தில் உங்களுக்கென்ன வேலை என்று வாசகர் கேட்கக்கூடும். சினைப்பைகளை எடுக்கலாமா கூடாதா என்று தீர்ப்புச் சொல்ல நாங்கள் வரவில்லை. அந்தக் கேள்வி ஒரு கேள்வியாகவே எழாமல் போவதில் சொற்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பதும், சொற்களைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு என்பதுமே இதை எழுதக் காரணம். நோயுற்ற சினைப்பை, சந்தேகத்துக்குரிய கட்டி உள்ள சினைப்பை ஆகியவற்றை இங்கே பேசவில்லை. அவை எடுக்கப்பட வேண்டியவை. நம் பேச்சு நலமாக இருப்பதை எடுப்பது பற்றியது.

பெண்ணின் பருவங்களை நம் இலக்கணக்காரர்கள் ஏழாகப் பிரித்தார்கள் என்பதை வாசகர் அறிவர். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். உலா இலக்கியங்கள் இந்த ஏழு பருவப் பெண்களையும் வீதியில் நிறுத்தித் தலைவன் மேல் காதல் கொள்ள வைக்கின்றன. பொதுவாக வழங்கும் கணக்கில் பேரிளம்பெண்ணின் வயது 32-இல் தொடங்கி 40-இல் முடிகிறது. அதற்குப் பிறகு? பெயர் இல்லை. 5 வயதிலிருந்து 13 வயதுக்குள் மூன்று பெயர்களைச் செலவிட்ட மொழி, நாற்பதுக்குப் பிறகான வாழ்க்கைக்கு ஒன்றைக்கூட ஒதுக்கவில்லை. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. அதன்பின் இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்பவர்கள் இன்று ஏராளம். அந்த முப்பது ஆண்டுகளும் பெயரற்ற பருவம்.

இதைப் பழமையின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. தேசியக் குடும்பநல ஆய்வு கருப்பை நீக்கம் பற்றிப் பெண்களிடம் கேட்கிறது. ஆனால் அது பேட்டி காண்பது 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களை. 2019-21 ஆய்வில் அப்படிக் கேட்டதில் நூற்றுக்கு மூன்று பேருக்குச் சற்று அதிகமானோர் கருப்பையை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். ஆந்திரத்தில் இது எட்டைத் தாண்டியது. ஐம்பதுக்கு மேற்பட்டவர்கள் அந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். பாட்டியல் நூல் 40-இல் நிறுத்தியதை ஆய்வு 49-இல் நிறுத்துகிறது. ஒன்பது ஆண்டு முன்னேற்றம் என்று கொள்ளலாம்.

இந்த உறுப்பை எடுப்பதன் வரலாறு கவனிக்கத்தக்கது. 1809 டிசம்பரில், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் டான்வில் என்னும் சிற்றூரில், எஃப்ரெய்ம் மெக்டவல் என்ற மருத்துவர் ஜேன் டாட் கிராஃபோர்ட் என்ற பெண்ணின் சினைப்பைக் கட்டியை வெட்டி எடுத்தார். கட்டியின் எடை இருபத்திரண்டரை பவுண்டு. மயக்க மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம். இதற்கு முன் இப்படி யாருக்கும் செய்ததில்லை, இது ஒரு சோதனை முயற்சி என்று மருத்துவர் முன்னதாகவே சொல்லிவிட்டார். அதைக் கேட்டுக்கொண்டுதான் அந்தப் பெண் ஏறக்குறைய அறுபது மைல் குதிரையில் பயணம் செய்து அவர் வீட்டுக்கு வந்துசேர்ந்தார். பிழைத்து, அதன்பின் முப்பத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். அறுவை மருத்துவ நூல்கள் மெக்டவலின் துணிச்சலைப் பாராட்டுகின்றன. நமக்கு அந்த அறுபது மைல்தான் பெரிதாகத் தெரிகிறது. முடிவு அவருடையதாக இருந்தது.

அடுத்த கட்டம் வேறு மாதிரி. 1872-இல் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ராபர்ட் பேட்டி, ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஹேகார், இங்கிலாந்தின் லாசன் டெய்ட் ஆகிய மூவரும் தனித்தனியே, ஒரே ஆண்டில், கட்டி இல்லாத சினைப்பைகளையும் எடுக்கத் தொடங்கினர். பேட்டியின் நோக்கம் விசித்திரமானது. மாதவிடாயைச் செயற்கையாக நிறுத்திவிட்டால் பெண்களின் வலியும் வலிப்பும் மனக்கலக்கமும் தீரும் என்பது அவர் நம்பிக்கை. அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் ஹிஸ்டீரியா என்றும் பித்து என்றும் பெயர் சூட்டப்பட்ட பெண்கள் பலர் இந்த அறுவைக்கு ஆளாயினர். சினைப்பை என்ன செய்கிறது என்பது அன்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஈஸ்ட்ரோஜன் தனியே பிரித்தெடுக்கப்பட்டது 1929-இல்தான். அது செய்யும் வேலை தெரியுமுன்பே அதை எடுப்பதற்கான காரணங்கள் தயாராகிவிட்டன. அன்று, மாதவிடாய் வருவதால் எடுத்தார்கள். இன்று, நின்றுவிட்டதால் எடுக்கிறார்கள். இரண்டுக்கும் இடையில் மருத்துவம் வெகுதூரம் வந்துவிட்டது என்பதை மறுக்கவில்லை. ஆனால் ‘இது இவளுக்கு எதற்கு?’ என்ற தொனி மட்டும் அப்படியே இருக்கிறது.

எங்களில் ஒருவரின் அக்காவுக்கு வயது 58. தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றில் இருக்கிறார். அடியிறக்கத்துக்காகக் கருப்பையை எடுக்க வேண்டும் என்று ஆயிற்று. மருத்துவர் நல்லவர், பொறுமைசாலி. “ஓவரியையும் சேர்த்து எடுத்துடலாம்மா, இனிமே அது எதுக்கு?” என்றார். அக்கா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. இரவு தொலைபேசியில் தம்பியிடம் கேட்டார்: “அது உள்ள இருந்தா எனக்கு ஏதாச்சும் நல்லது செய்யுமா தம்பி?”

இந்தக் கேள்வியைவிடச் சரியான கேள்வி இந்த விஷயத்தில் இல்லை. பதிலைத் தேடிப் போனபோதுதான் அது எவ்வளவு சிக்கலானது என்று எங்களுக்குத் தெரிந்தது.

மாதவிடாய் நின்றபின் சினைப்பை சுருங்கிவிடுகிறது. முட்டை விடுவதில்லை. ஈஸ்ட்ரோஜன் சுரப்பு மிகக் குறைந்துபோகிறது. ஆனால் வேலை அடியோடு நிற்பதில்லை. ஆண்ட்ரோஜன் வகையைச் சேர்ந்த டெஸ்டோஸ்டிரோன், ஆண்ட்ரோஸ்டீன்டயோன் ஆகியவற்றைப் பல ஆண்டுகள் அது தொடர்ந்து சுரக்கிறது. 1970-களிலேயே சினைப்பையிலிருந்து வெளிவரும் சிரையின் இரத்தத்தை எடுத்து அளந்து இதைக் காட்டினார்கள். இந்த ஆண்ட்ரோஜன்களில் ஒரு பகுதி உடலின் கொழுப்பிலும் தசையிலும் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. எலும்புக்கும் நாளங்களுக்கும் அது எந்த அளவுக்கு உதவுகிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. அட்ரினல் சுரப்பியே பெரும்பங்கு தருகிறது என்பாரும் உளர். ஆயினும் ‘சும்மா கிடக்கிறது’ என்ற பேச்சு அறிவியல்படி பிழை. ஓய்வூதியம் வாங்கும் பெரியவர் வீட்டில் ஒரு வேலையும் செய்வதில்லை என்று சொல்வது போன்ற பிழை.

இங்கே ஓர் இடைச்செருகல். ‘சினை’ என்ற சொல்லுக்குக் கரு, முட்டை என்பதுடன் உறுப்பு என்ற பொருளும் இருக்கிறது. இலக்கணத்தில் முதல், சினை என்று பிரிக்கிறோம். மரம் முதல், கிளை சினை. உயிரியல் தமிழில் சினைப்பை என்று பெயரிட்டவர் முதற்பொருளை மனதில் கொண்டிருப்பார். நமக்கு இரண்டாவது பொருளும் பிடித்திருக்கிறது. முதலைக் கேட்காமல் சினையைப் பற்றி முடிவெடுக்க முடியாது.

எண்களுக்கு வருவோம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2008-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மரபுவழி ஆபத்து இல்லாத, மாதவிடாய் நிற்காத பெண்களுக்குச் சினைப்பைகளை விட்டுவைப்பதையே பெரிதும் கருதவேண்டும் என்றது. நின்றவர்களுக்குப் புற்றுநோய் ஆபத்தை முன்னிட்டு எடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்றது. அதுவரை நடைமுறையும் அதுதான். 2009-இலும் 2013-இலும் அமெரிக்கச் செவிலியர் நல ஆய்விலிருந்து வில்லியம் பார்க்கர் குழுவினர் வெளியிட்ட கட்டுரைகள் இந்த அமைதியைக் குலைத்தன. புற்றுநோய் அல்லாத காரணங்களுக்காகக் கருப்பை எடுத்துக்கொண்ட 30,117 செவிலியர்களை 28 ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சினைப்பைகளையும் எடுத்தவர்களில் 16.8 சதவீதத்தினர் அதற்குள் இறந்திருந்தனர், விட்டுவைத்தவர்களில் 13.3 சதவீதத்தினர். வயது முதலியவற்றைச் சரிக்கட்டிய பின்னும் எடுத்தவர்களின் ஆபத்தே கூடுதலாக இருந்தது. சினைப்பைப் புற்றால் இறந்தவர்கள் எடுத்த தரப்பில் 4 பேர், விட்டுவைத்த தரப்பில் 44 பேர். அஞ்சிய நோய் குறைந்தது உண்மை. ஆனால் மொத்தக் கணக்கில் ஆயுள் கூடவில்லை. எந்த வயதில் எடுத்தவர்களுக்கும் கூடவில்லை.

இதைப் படித்தவுடன் ‘பார்த்தீர்களா’ என்று கிளம்பிவிடத் தோன்றும். பெண்ணியச் சார்புள்ள நண்பர்கள் சிலர் அப்படிக் கிளம்பியும் இருக்கிறார்கள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2011-இல் பெண்கள் நல முன்முயற்சி என்ற மற்றோர் அமெரிக்க ஆய்வு, மாதவிடாய் நின்ற 25,448 பெண்களைச் சராசரியாக ஏழரை ஆண்டுகளுக்கு மேல் கவனித்து, இதய நோயிலோ இடுப்பெலும்பு முறிவிலோ இறப்பிலோ வேறுபாடு இல்லை என்றது. ஒரு சினைப்பைப் புற்றைத் தடுக்க ஏறத்தாழ 323 பேருக்கு எடுக்க வேண்டியிருக்கும் என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. 2021-இல் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் இரண்டு லட்சம் பெண்களின் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், ஐம்பதுக்குக் கீழே எடுத்தவர்களுக்கு இறப்பு ஆபத்து கூடுகிறது, ஐம்பதுக்கு மேல் அப்படிக் கூடவில்லை என்று கண்டார்கள். மினசோட்டாவில் 2003-இல் வெளியான சிறிய ஆய்வோ, மாதவிடாய் நின்றபின் எடுத்தவர்களுக்கும் எலும்பு முறிவுகள் எதிர்பார்த்ததைவிடப் பாதிக்கு மேல் கூடியதாகச் சொல்லியிருந்தது.

எங்கள் வாசிப்பில் இதிலிருந்து தெளிவாகத் தெரிவது ஒன்றுதான். 45 வயதுப் பெண்ணிடம் சினைப்பைகளை எடுத்துவிடலாம் என்று இலேசாகச் சொல்வது இன்று நியாயமல்ல. 58 வயதுப் பெண்ணிடம் தராசின் இரு தட்டுகளும் ஏறக்குறையச் சமமாக நிற்கின்றன. தட்டுகள் சமமாக இருக்கும் இடத்தில், எடைக்கல்லை வைக்க வேண்டியவர் யார்? மருத்துவம் உறுதியாகச் சொல்ல முடியாத இடத்தில்தான் பெண்ணின் சொல்லுக்கு அதிக எடை இருக்கவேண்டும். நடப்பில் அது தலைகீழாக இருக்கிறது. ‘எப்படியும் பெரிய வித்தியாசமில்லை’ என்பதே அவரைக் கேட்காமல் விடுவதற்குக் காரணமாகிவிடுகிறது.

எடுப்போம் என்பவர்களின் பக்கத்தையும் சொல்லவேண்டும். சினைப்பைப் புற்று கொடியது. வயிறு உப்புசம், பசியின்மை, அடிக்கடி சிறுநீர் என்று, யாருக்கும் எப்போதும் வரக்கூடிய தொந்தரவுகளாகவே முதலில் தோன்றும். பெரும்பாலோருக்குப் பரவிய பிறகே தெரிகிறது. மார்பகத்துக்கு மாமோகிராம் போல இதற்கு ஒரு பரிசோதனை கிடைக்குமா என்று பிரிட்டனில் 2001 தொடங்கி மாதவிடாய் நின்ற இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துப் பார்த்தார்கள். இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் இரண்டையும் முயன்றார்கள். 2021-இல் வந்த இறுதி முடிவு: இறப்பு குறையவில்லை. ‘வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்துக்கொண்டால் போதும்’ என்ற ஆறுதலுக்கு ஆதாரமில்லை என்று ஆகிவிட்டது. பி.ஆர்.சி.ஏ. 1 மரபணுவில் பிறழ்வு உள்ள பெண்களுக்கோ 80 வயதுக்குள் இந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 44, பி.ஆர்.சி.ஏ. 2 என்றால் 17. சாதாரணமாக நூறு பேரில் ஒருவருக்கு வருவது இது. இந்தியாவில் அதனினும் குறைவு. பிறழ்வு உள்ளவர்கள் எடுத்துக்கொள்வதே அறிவுடைமை, அதுவும் மாதவிடாய் நிற்கும்வரை காத்திராமல். நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015-இல் தம் 39-ஆம் வயதில் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அதைப் பத்திரிகையில் தாமே எழுதினார். அவருடைய தாயார் 56 வயதில் புற்றுநோயால் இறந்தவர்.

தாமஸ் மன் 1953-இல் வெளியிட்ட ‘ஏமாற்றப்பட்டவள்’ என்ற குறுநாவலை வாசகர்களில் சிலர் படித்திருக்கலாம். அவர் முடித்த கடைசிக் கதை அதுதான். டுஸ்ஸல்டோர்ஃப் நகரத்து விதவை ரோசலி, ஐம்பது வயது, மாதவிடாய் நின்றவள். மகனுக்கு ஆங்கிலம் கற்பிக்க வரும் அமெரிக்க இளைஞன் மேல் காதல் கொள்கிறாள். ஒருநாள் மீண்டும் இரத்தப்போக்கு. இயற்கை தன் காதலை ஆசீர்வதித்து இளமையைத் திருப்பித் தந்துவிட்டது என்று மகிழ்ந்துபோகிறாள். அது புற்றுநோய். அறுவை மேசையில் வயிற்றைத் திறந்த பேராசிரியர், இது சினைப்பையில்தான் தொடங்கியிருக்கவேண்டும் என்கிறார். அங்கே பிறப்பிலிருந்தே பயன்படாமல் கிடக்கும் செல்கள் மாதவிடாய் நின்றபின் ஏதோ தூண்டுதலால் கெட்டுப்போகின்றன என்பது அவர் கருத்து. (மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு என்றால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பது இந்தக் கதை சொல்லாமல் சொல்லும் நடைமுறை அறிவுரை, அதையும் இங்கே பதிவுசெய்துவிடுகிறோம்.)

மன்னின் கலையை இங்கே விமரிசிக்க இடமில்லை. ரோசலி சாகும்போது இயற்கையின் மேல் கசப்பில்லாமல் சாகிறாள் என்பதில் அந்தக் கதையின் பெருமை இருக்கிறது. ஆனால் அந்தப் பேராசிரியரின் விளக்கம் நம் விஷயத்துக்கு நேராக வருகிறது. பயன்படாமல் கிடப்பது பழிவாங்கும். வேலையற்ற உறுப்பு, வேலையற்ற விதவை, இரண்டும் ஆபத்து. புனைவில் அது ஒரு பாத்திரத்தின் குரல் என்று விட்டுவிடலாம். நம் வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் புழங்கும் அச்சமும் இதே வார்ப்பில்தான் இருக்கிறது என்பதைப் படித்தபோது உணர்ந்தோம்.

அந்த அச்சத்தின் இருப்பிடமே தவறு என்று பின்னால் வந்த அறிவியல் சொல்லிவிட்டது என்பது சுவையான செய்தி. சினைப்பைப் புற்று என்று நாம் சொல்வதில் மிகக் கொடிய, மிகப் பரவலான வகை, பெரும்பாலும் சினைப்பையில் தொடங்குவதே இல்லை. கருக்குழாயின் விரல்கள் போன்ற நுனியில் தொடங்கிச் சினைப்பைக்கு வந்து குடியேறுகிறது. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளில் இது துலங்கியது. 2010-இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்து மருத்துவர்கள், கருப்பையை எடுக்கும்போது கருக்குழாய்களை எடுத்துவிட்டுச் சினைப்பைகளை விட்டுவைக்கும் முறையைப் பரப்பத் தொடங்கினார்கள். பிள்ளைப்பேறு முடிந்தபின் கருக்குழாய்க்கு வேறு வேலை இருப்பதாகத் தெரியவில்லை. அண்டை வீட்டுக்காரன் செய்த குற்றத்துக்கு நூறாண்டுக் காலமாக இன்னொரு வீட்டை இடித்துக்கொண்டிருந்தோமோ என்று கேட்கத் தோன்றுகிறது. முழுமையான பாதுகாப்பு என்று இதைச் சொல்ல முடியாது. மரபணுப் பிறழ்வு உள்ளவர்களுக்கு இது மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ‘எல்லாவற்றையும் எடுப்பது’, ‘ஒன்றையும் தொடாதது’ என்ற இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்த வழி இருப்பதாவது நாள் குறிக்கும்போது சொல்லப்படவேண்டும்.

அக்காவுக்கு இவை எல்லாவற்றையும் தம்பி தொலைபேசியில் இரண்டு மூன்று இரவுகள் சொன்னார். விட்டுவைப்பதே நல்லது என்பது அவர் உள்ளக்கிடக்கை. எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சித்தியை உனக்கு ஞாபகம் இருக்கா?” என்றார். அம்மாவின் தங்கை. வயிறு உப்பி, நீர் எடுத்து எடுத்து, அறுபது வயதுக்குள் போனவர். கடைசி நான்கு மாதங்கள் அருகில் இருந்து பார்த்துக்கொண்டவர் அக்கா. தம்பி அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தார். சித்திக்கு வந்தது என்ன நோய் என்று வீட்டில் யாரும் பெயர் சொல்லிப் பேசியதில்லை.

மறுமுறை சென்றபோது அக்கா இதை மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடிவைத்தார். அம்மா வழியில் வேறு யாருக்காவது மார்பகப் புற்று உண்டா, என்ன வயதில், என்று அதன்பிறகுதான் கேள்விகள் வந்தன. பெரிய ஊருக்கு இரத்தம் அனுப்பி மரபணு பார்த்தார்கள். பிறழ்வு எதுவும் தென்படவில்லை. ‘இனி உங்கள் விருப்பம்’ என்றார் மருத்துவர். அக்கா யோசித்து இரண்டையும் எடுக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் படித்த கட்டுரைகள் எவையும் சித்தியின் படுக்கை அருகில் உட்கார்ந்தவை அல்ல, அவர் உட்கார்ந்தவர்.

அவர் பேச்சில் ஒன்றைக் கவனித்தோம். இந்த அறுவை நடந்த பெண்கள் நமக்குத் தெரிந்தவர்களில் பலர், ‘எல்லாத்தையும் எடுத்துட்டாங்க’ என்பார்கள். எழுவாய் தொலைந்துபோன வாக்கியம். யார் எடுத்தார்கள், எதை எடுத்தார்கள் என்பது இல்லை. எடுக்கப்பட்டது கருப்பை மட்டுமா, சினைப்பைகளுமா என்று கேட்டால் தெரியாது என்பவர்கள் உண்டு. அக்கா ‘எடுத்துக்கிட்டேன்’ என்கிறார். ‘விடு’ என்ற துணைவினைக்கும் ‘கொள்’ என்ற துணைவினைக்கும் உள்ள தொலைவைத் தமிழ் படித்தவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

இதை ஒரு குடும்பத்தின் நல்லூழ் என்று விடவும் முடியாது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,309 பேரிடம் 2019-இல் விசாரித்தபோது 13,861 பேர் கருப்பையை எடுத்திருந்தார்கள். மாதவிடாய் வந்தால் வேலைநாள் கெடும், கூலி போகும், அபராதம் விழும். அவர்கள் யாரும் இளமை கடந்தவர்கள் என்று சொல்லமுடியாது. அங்கே பயனற்றது என்று சொல்லப்பட்டது மாதவிடாயே. தேவையற்ற கருப்பை நீக்கங்களைத் தடுக்கும் நெறிமுறைகளை மூன்று மாதங்களுக்குள் நடைமுறைப்படுத்துமாறு 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. நல்லது. ஆனால் ஐம்பதுக்கு மேற்பட்டவரின் சினைப்பை, சுரண்டல் என்று யாரும் கூச்சலிடாத இடம். கூலிக்காக அல்லாமல் நல்லெண்ணத்தாலேயே கேட்காமல் விடப்படும் இடம்.

நல்லெண்ணம் போதாது என்பதற்கும் உச்ச நீதிமன்றத்திலேயே தீர்ப்பு இருக்கிறது. 1995-இல் டெல்லியில் 44 வயதான, மணமாகாத பெண் ஒருவர் லேப்ராஸ்கோப்பி மூலம் நோயறியும் சோதனை ஒன்றுக்கு ஒப்புதல் தந்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்டார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியில் காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் வாங்கி, கருப்பை, சினைப்பைகள், கருக்குழாய்கள் அனைத்தையும் எடுத்துவிட்டார்கள். 2008 ஜனவரி 16 அன்று வந்த தீர்ப்பு தெளிவானது. சோதனைக்குத் தந்த ஒப்புதல் அறுவைக்கான ஒப்புதல் ஆகாது. உயிரைக் காக்க உடனடித் தேவை இருந்தாலொழிய, வயதும் அறிவும் உள்ள பெண்ணுக்காக வேறொருவர், தாயே ஆனாலும், ஒப்புதல் தர இயலாது. அறுவையை மருத்துவர் அவர் நலம் கருதியே செய்திருக்கலாம் என்பதை நீதிமன்றம் ஏற்றது. ஏற்றும், அது அத்துமீறல் என்றது. இழப்பீடு 25,000 ரூபாய். தொகை சிறியது என்று வருந்துபவர்கள் உண்டு. எங்களுக்கு அதில் இருக்கும் வாதம் பெரியதாகப் படுகிறது.

இன்றும் கணவரிடமோ மகனிடமோதான் தாள் நீட்டப்படுகிறது. மகன் அவசரமாகக் கையெழுத்திடுகிறான். அம்மாவின் உடலைப் பற்றிப் படிக்கக் கூச்சம் வேறு. தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதில் ‘தேவைப்படும் பிற நடைமுறைகள்’ என்றொரு வரி இருக்கும். நாம் தொடக்கத்தில் பார்த்த ‘சேர்த்து’ அந்த வரிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. அதைத் தனியே பிரித்து எழுதினால் போதும். கருப்பைக்கு ஒரு வரி, கருக்குழாய்களுக்கு ஒரு வரி, சினைப்பைகளுக்கு ஒரு வரி, ஒவ்வொன்றின் எதிரிலும் எடுக்க, விட்டுவைக்க என்று இரண்டு கட்டங்கள், தமிழில். ‘உங்கள் தாய்வழியிலும் தந்தைவழியிலும் யாருக்கேனும் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா’ என்று மேலே ஒரு கேள்வி. அந்தத் தாளை அறுவைக்கு முந்தைய இரவு கட்டிலருகே நீட்டாமல், நாள் குறிக்கும் அன்றே அந்தப் பெண்ணின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பவேண்டும்.